வாசனை சேர்க்காத பற்பசை

பற்பசைத் தொழிற்சாலையில் அவருக்குச் சுண்ணாம்பு என்று பெயர். கலவைத் தொட்டியில் சுண்ணத் தூளும் கோந்துத் தூளும் போடுவது வேலை. மாலையில் புருவம்வரை வெளுத்துப்போய்த்தான் வீடு திரும்புவார். அதே தொட்டியில் கடைசியாகப் புதினா எண்ணெய் ஊற்றுகிறவர் அவருடைய சகலை. ஒரே மாமனார், ஒரே தொட்டி, ஒரே சம்பளம். பொறாமைப்பட முகாந்திரமே இல்லை. அதனாலோ என்னவோ அது செழிப்பாக வளர்ந்தது.

"அவர் வந்துட்டுப் போனா மறுநாள் வரைக்கும் வீடு கமகமன்னு இருக்கு," என்பார் மனைவி. "நீங்க வந்தா நான் துடைப்பத்தை எடுக்கணும்."

ஒருநாள் பொறுக்க முடியாமல், பற்பசைக் குழாயின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டி மனைவிக்குப் பாடம் எடுத்தார் சுண்ணாம்பு.

"பல்லுல அழுக்கைத் தேய்ச்சு எடுக்கிறது என் தூள். தூளும் தண்ணியும் பிரியாம பிடிச்சு வைக்கிறது என் கோந்து. காயாம இருக்க கிளிசரின். சொத்தை வராம இருக்க ஃப்ளோரைடு. நுரைக்கு ஒரு சோப்புத் தூள்."

"அவர் ஊத்துறது?"

"அது சும்மா. வாய்க்கு ஒரு நல்ல பேர்."

"நல்ல பேர் சும்மாவா கிடைக்குது?"

இந்த நிலையில்தான் கலவைக் கூடத்துக்கு மேற்பார்வையாளர் போடப்போவதாகச் செய்தி வந்தது. போட்டியில் இருந்தவர்கள் சகலைகள் இருவரே. வேலையை நேரில் பார்த்து முடிவு செய்ய மேலாளர் வந்தார்.

கோந்துத் தூளை நேரே தண்ணீரில் கொட்டக் கூடாது; முதலில் கிளிசரினில் குழைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே வழவழப்பு, உள்ளே உலர்ந்த தூள் என்று கட்டிகட்டியாகிவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சுண்ணாம்பு இதைச் சொல்லுவார். அன்று அவர் விழித்திருந்தார் என்பதுதான் சங்கடம். எதிர்ப்பக்கம் சகலை ஏதோ சொல்ல, மேலாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பையே பார்த்தபடி, சுண்ணாம்பு கோந்துத் தூள் முழுவதையும் தண்ணீரில் கவிழ்த்தார்.

மேலாளர் தொட்டியை எட்டிப் பார்த்தார். "யார் வேலை இது?"

சகலை முன்னால் வந்தார். "என் தப்பு சார். நான் பேசிச் சிரிச்சு அவர் கவனத்தைக் கலைச்சுட்டேன்."

தொட்டி குப்பைக்குப் போனது. தப்பைத் தன்மேல் போட்டுக்கொள்கிற ஆள்தான் வேண்டும் என்று மேலாளர் பதவியைச் சகலைக்கே கொடுத்தார்.

"கெடுத்தது நான்," என்று சுண்ணாம்பு வீட்டில் குமுறினார். "பேர் மட்டும் அவருக்கா?"

"இத்தனை நாள் அவரோட நல்லதைப் பார்த்து வயிறெரிஞ்சீங்க," என்றார் மனைவி. "இப்போ தப்புக்குமா?"

அடுத்த தொட்டியில் எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே சுண்ணாம்பு ஒரு கிண்ணம் பசையை எடுத்து வைத்துக்கொண்டார். காலையில் அதைக்கொண்டு, ஈறு நோகுமளவு தேய்த்தார். மண்ணைத் தின்றதுபோல இருந்தது. ஆனால் பல் வெள்ளை வெளேரென்று ஆயிற்று. வெற்றிக் களிப்போடு சமையலறைக்குப் போய் மனைவியின் முகத்துக்கு நேரே பல்லைக் காட்டினார்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னும் பல்லு தேய்க்கலையா?"

சுண்ணாம்பு திரும்பிப் போய், சகலை புதினா எண்ணெய் ஊற்றிய பழைய பசையில் இன்னொரு தடவை தேய்த்தார்.