மாமா கவிழ்த்த மூன்று ராஜா

ஒரகடத்திலிருந்து படப்பை போகிற சாலையில் எங்கள் வீடு. மாடியில் தகரக் கூரை போட்ட ஒரே அறை. அதில் என் தாய்மாமாவும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த இரண்டு அண்ணன்களும் தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே மூணு சீட்டு நடக்கும். காசு வைத்து ஆடினால் மூவரையும் பெட்டியோடு ரோட்டில் விடுவேன் என்று அம்மா சொல்லியிருந்ததால், கொண்டைக்கடலை வைத்து ஆடினார்கள். கடைசியில் யாரிடம் கடலை குறைவோ அவர்தான் அந்த வாரம் அறைக்குச் சமைக்க வேண்டும்.

மாமா ஒரு வாரம்கூடச் சமைத்ததில்லை. கையில் உருப்படியாக ஒரு சீட்டும் இல்லாவிட்டாலும், புதையல் கிடைத்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு கடலையை அள்ளிப் போடுவார். அண்ணன்கள் பயந்துபோய்ச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்வார்கள். எல்லாம் மூளை என்பார் மாமா. அம்மா அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வாலாஜாபாத்தில் மாமாவுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பெண்ணும் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவள். இருவரையும் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விட்டார்கள். அவள் ஏதோ கேட்டாளாம், மாமாவும் பதில் சொன்னாராம். என்ன கேட்டாள் என்று அம்மா எவ்வளவு குடைந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் மட்டும் முடிவாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஓர் அண்ணன் ஓ.டி.க்குப் போய்விட்டார். ஆள் குறைந்ததால், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னை உட்கார வைத்தார் மாமா.

"நீ தோத்தா ஒரு வாரத்துக்கு உங்கம்மாதான் எங்களுக்கு சோறு ஆக்கணும். இன்னா, சரியா?"

பெருமையாகத் தலையாட்டிவிட்டேன். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. தோற்றால் என் முதுகு தாங்காது என்பது சீட்டை வாங்கியபிறகுதான் உறைத்தது.

எனக்கு விதிகள் அரைகுறை. டைமன் ராணி வந்தால் விடமாட்டேன், அவ்வளவுதான். அழகாக இருப்பாள். வராவிட்டாலும் சில சமயம் கோபத்தில் கடலையைப் போடுவேன். மாமா புதையல் முகத்தைக் காட்டினார். நான் ராணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டைத் திருப்பியபோது அவரிடம் ஒன்பதுக்கு மேல் ஒன்றுமில்லை. இப்படியே நாலைந்து ஆட்டம் போனது.

திருநெல்வேலி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "எண்ணே, பயப்படத் தெரிஞ்சவன்ட்டதான் ஒங்க வித்தை பலிக்கும். இது பச்சப்புள்ளல்லா."

மாமா அதன்பிறகு முகம் காட்டுவதையே விட்டுவிட்டார். மட்டமான சீட்டு வந்தால் சத்தமில்லாமல் விலகினார். நல்ல சீட்டு வந்தால் மட்டும் இருந்தார். நானோ ராணியை நம்பிப் போட்டுக்கொண்டே இருந்தேன். என் கடலையில் முக்கால்வாசி அவர் பக்கம் போனது. கீழே அம்மா மீன் வறுக்கும் வாசனை வந்தது. எனக்கு அழுகை முட்டியது.

கடைசி ஆட்டம். அண்ணன் விலகிவிட்டார். மாமா தன்னிடமிருந்ததையெல்லாம் அள்ளி அள்ளிப் போட்டார். நானும் ராணியை நம்பி மிச்சமிருந்ததையெல்லாம் தள்ளினேன். அப்போது மாமாவின் போனில் மெசேஜ் வந்தது. எடுத்துப் படித்தார். தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். பிறகு, "சீட்டு சரியில்ல" என்று கவிழ்த்துவிட்டார்.

நடுவில் குவிந்திருந்த கடலை முழுக்க என்னுடையது. மாமாதான் கடைசி. சந்தோஷத்தில் சீட்டுகளை வாரியபோது அவர் கவிழ்த்ததைப் பார்த்தேன். மூன்றும் ராஜா. அதைவிடப் பெரிய சீட்டை யாராவது வைத்திருந்தால் அதிசயம். மாமா சட்டென்று பிடுங்கிக் கட்டோடு கலந்துவிட்டார்.

அந்த வாரம் மாடிப்படியில் நின்றுகொண்டு "அக்கா, புளி எவ்ளோ போடணும்?" என்று தினமும் கத்தினார். முதலில் சட்டி கருகியது. சனிக்கிழமை அண்ணன்கள் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாமாவைத் தோற்கடித்த கதையை நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி முடித்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். அத்தை ஷிப்டு முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாமா காரக்குழம்பு கிண்டிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப சமையல் தெரியுமான்னு ஒண்ணுதான் கேட்டேன். சின்ன வயசுலேர்ந்தே தெரியும்னாரு. அடுத்த ஞாயிறே, 'கல்யாணத்துக்கப்புறம் உங்க சமையல்தான்'னு மெசேஜ் போட்டுட்டேன்" என்று அம்மாவிடம் அத்தை பெருமையாகச் சொன்னாள்.

நான் விடுவேனா? "சமையல் தெரியும் அத்தை, ஆனா மாமாக்கு சீட்டாடத்தான் தெரியாது. மூணு ராஜாவ கைல வெச்சிகினே எங்கிட்ட தோத்து, ஒரு வாரம் சமைச்சாரு" என்றேன்.

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா குழம்புச் சட்டியை விட்டு முகத்தை எடுக்கவில்லை. கண்ணில் நீர் வரும்வரை அத்தை எதற்கு அப்படிச் சிரித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. என்னைப் போன்ற ஆட்டக்காரியை அவள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.