இளம்பெண் மாயம்

அந்தக் காலத்துத் தமிழ் நாளிதழ்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வயதானவர் வீடு திரும்பவில்லை என்றால் ‘காணவில்லை’ என்று போடுவார்கள். கல்யாணமாகாத பெண் ஒரு நாள் வீட்டில் இல்லையென்றால் ‘இளம்பெண் மாயம்’. கூடவே படம், வயது, கடைசியாக உடுத்தியிருந்த சுடிதாரின் நிறம். ஓடிப்போனாள் என்று எந்த வரியிலும் இருக்காது. படிக்கிறவர்கள் எல்லோரும் மகா புத்திசாலிகள். அந்த ஒரு சொல்லே அவர்களுக்குப் போதும்.

என் நாத்தனார் லோகேஸ்வரி பத்தொன்பது வயதில் அப்படி மாயமானவள். கிள்ளானை அடுத்த மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஒரு சனிக்கிழமை, கூட வேலை செய்த பெண்ணின் வீட்டைப் பார்க்க ஜெஞ்சாரோம் போனாள். நல்ல மழை, கடைசி பஸ்ஸும் போய்விட்டது, அங்கேயே தங்கிவிட்டாள். அந்த வீட்டில் போன் கிடையாது. என் மாமனார் தம்புசாமி விடிந்ததும் மகளின் படத்தை எடுத்துக்கொண்டு நேரே பத்திரிகை அலுவலகத்துக்கு ஓடினார். அப்போதெல்லாம் நம் ஆட்கள் போலீசைவிடப் பத்திரிகையைத்தான் நம்பினார்கள். மதியமே பெண் வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் காலையில் செய்தி வந்தது.

திரும்பி வந்ததை யார் போடுவார்கள்? மாமனார் போய்க் கெஞ்சிப் பார்த்தார். “வந்துட்டாங்கன்னா சந்தோஷம்தானே அண்ணே, அதுல என்ன செய்தி இருக்கு?” என்று அனுப்பிவிட்டார்கள். கிள்ளானில் அவள் தலை காட்டிய இடமெல்லாம் பேச்சு அடங்கியது. பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீடு பின்வாங்கியது. பல வருடம் கழித்துப் பூச்சோங் சுகுமாறன் அவளைக் கட்டிக்கொண்டார். அவரிடம் அவள் முதலில் சொன்னதே அந்தச் செய்தியைத்தான். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாளாம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சென்ற வருடம் அவள் மகள் விஷ்ணுப்ரியா வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. கைப்பேசியில் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார்கள். மறுநாள் காலையில் நான் பூச்சோங் போனபோது சுகுமாறன் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். லோகேஸ்வரி வாசல் கதவை மறித்துக்கொண்டிருந்தாள்.

“ரிப்போர்ட் குடுத்துட்டு, பேஸ்புக்ல படத்தைப் போட்டுடலாம் லோகா.”

“படம் வேணாங்க. போலீசும் வேணாம். கூட்டாளி வீட்டுல தூங்கியிருப்பா, வந்துடுவா லா.”

“வரலைன்னா?”

“வந்த பெறகு அந்தப் படத்தை யாரு அழிக்கிறது?”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாள் வேலியோரம் வந்து, பெண் எங்கே என்று விசாரித்தார். “கூட்டாளி வீட்டுல இருக்கா ஆன்டி” என்று லோகேஸ்வரி சிரித்துக்கொண்டே பொய் சொன்னாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் அங்கே நிற்கவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, என் கைப்பேசியில் இருந்த பிள்ளையின் படத்தை என் எண்ணோடு பேஸ்புக்கில் நானே போட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. அரசாங்க மருத்துவமனைத் தாதி ஒருவர் பேசினார். முதல் நாள் மாலை பஸ் நிறுத்தத்தில் யாரோ மோட்டாரில் வந்து கைப்பையை இழுத்திருக்கிறார்கள். விழுந்ததில் பிள்ளைக்குத் தலையில் அடி. அடையாள அட்டை, போன் எல்லாம் பையோடு போய்விட்டதால் பெயர் தெரியாத நோயாளியாகக் கிடந்திருக்கிறாள்.

“காலையில கண்ணு முழிச்சதுலேருந்து அம்மா, அம்மான்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சுக்கா. பேரு கேட்டா சொல்லத் தெரியல. இப்பதான் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு” என்றார் தாதி, நாங்கள் போனதும்.

அதே காலையில்தான் லோகேஸ்வரி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகளின் கால்மாட்டிலேயே நின்றுவிட்டாள்; முகத்தருகே போக அவளுக்குத் துணிவு வரவில்லை.

“ஏம்மா இவ்வளோ லேட்டு?” என்று விஷ்ணுப்ரியா கேட்டாள்.

என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நானும் சுகுமாறனும் காட்டிக் கொடுத்திருக்க மாட்டோம்.

“வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுல இருந்தேன்மா” என்றாள்.