எங்கள் தெருக் கிணற்றில் வெளிநாட்டுக் கை

திருவனந்தபுரம் கோட்டைக்குள்ளே இருக்கும் எங்கள் தெருவில் எந்தத் தலைவரையும் யாரும் நம்புவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஓட்டுக் கேட்டு வருகிறவர் சிரித்தால் அதில் கட்டின பல் எத்தனை என்று பார்ப்போம். ரொம்பக் குனிந்து கும்பிட்டால், 'போன தடவை இவ்வளவு குனியலையே, இப்போ என்ன திருட்டுத்தனம் பண்ணியிருக்கானோ' என்போம். சாக்கடையைச் சரிசெய்து தருகிறேன் என்று சொன்ன மூன்று கவுன்சிலர்களை நான் பார்த்துவிட்டேன். மூவரும் வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். சாக்கடை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நல்ல மழை பெய்தால்தான் அது அசையும். அசைந்தால் நேரே என் எதிர்வீட்டுக்காரியின் அடுக்களைக்குள் போகும்.

அதற்காக நாங்கள் யாரையுமே நம்பாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிநாட்டு நம்பரை நம்புவோம். தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கடல் தாண்டி இருக்கிறது. இங்கே டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை டல்லாஸ் ஒப்புக்கொண்டால்தான் விழுங்குவோம். வாசலில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, மெல்போர்னிலிருந்து மகள் போனில் பார்த்துச் சொன்ன பிறகு குடையைத் தேடிய ஒரு மாமா எங்கள் தெருவில் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் கண்ணால் பார்த்ததைச் சொன்னால், "சும்மா விடறான்" என்போம். அதே சங்கதி கூட்டல் குறி போட்ட நம்பரிலிருந்து வாட்ஸாப்பில் வந்துவிட்டால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிப்போம்.

எதிர்வீட்டுக்காரியும் நானும் ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு மருமகள்களாக வந்தவர்கள். அவள் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுப்பவள். நான் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு தள்ளி ஓய்ந்தவள். அவள் சொன்னால் சொன்னதுதான், விளையாட்டு தெரியாது. எனக்கு விளையாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. முப்பத்தைந்து வருஷமாக இப்படியே எங்களுக்குள் ஒத்துப்போனது.

போன மழையில் சாக்கடை ஏறி அவள் வீட்டுப் பருப்பு டப்பாக்கள் அடுக்களையில் மிதந்தன. வார்டு ஆபீசுக்கு ஏழு தடவை நடந்தாள். ஏழாவது தடவை திரும்பி வந்து செருப்பைக் கழற்றி எறிந்த எறியில் அது என் வீட்டு வாசலில் வந்து விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் நான்தான் சொன்னேன்: "இவா கால்ல போய் விழறதுக்கு நீயே நின்னு ஜெயிச்சா என்னடீ? அப்பறம் உன்கிட்டயே நீ மனு குடுத்துக்கலாம். சங்கதி வீட்டுக்குள்ளயே முடிஞ்சுடும்."

நான் சிரிப்பதற்காகச் சொன்னேன். அவள் அடுத்த வாரம் வேட்புமனுத் தாக்கல் செய்துவிட்டாள்.

சுயேச்சை. சின்னம் மேசைவிசிறி. கொடி இல்லை, மைக் இல்லை, ஜீப் இல்லை. அவளும் நானும் இரண்டு குடைகளும். வீடு வீடாகப் போனோம். "ஜெயிச்சா ஒரே ஒரு வேலைதான் பண்ணுவேன். சாக்கடை. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது" என்று அவள் சொல்வாள். நான் பின்னாலிருந்து விலாவில் குத்துவேன். ரோடு, விளக்கு, நாய்த்தொல்லை என்று இரண்டு சேர்த்துச் சொல்லடீ என்பதற்கு அந்தக் குத்து. அவள் திரும்பி, "நாய்க்கு நான் என்ன பண்ண முடியும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவைப்பாள். ஆனாலும் காற்று எங்கள் பக்கம் அடித்தது. போன தடவை ஜெயித்தவரை யாருக்கும் பிடிக்கவில்லை. தோற்றவரை அதைவிடப் பிடிக்கவில்லை. "கிட்டிடும் போலிருக்கே" என்று கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது என் புத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெருக்கோடியில் ஒரு பொதுக்கிணறு உண்டு. கோயில் அபிஷேகத்துக்கு அதிலிருந்துதான் தண்ணீர். குழாய் நின்றுபோகும் நாட்களில் எங்களுக்கும் அதுதான் கதி. அதன் பக்கத்தில்தான் அவள் ஸ்கூட்டரை நிறுத்துவாள். ஒரு சாயங்காலம், பின்னால் எடுத்த ஆட்டோ ஒன்று அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக அவள் ஸ்கூட்டர் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டுப் போய்விட்டது. அவள் கிணற்றுச் சுவரை ஓர் உதை விட்டாள். "எனக்கு மட்டும் அதிகாரம் வரட்டும்டீ! மொதல்ல இந்தக் கெணத்த மூடி வண்டி நிறுத்த எடம் பண்றேன்!" சுவர் வலித்ததோ கால் வலித்ததோ, அப்படியே உட்கார்ந்து சிரித்துவிட்டாள். கேட்டது நான் ஒருத்திதான்.

என் மகன் டொராண்டோவில் இருக்கிறான். அந்த மாதம்தான் அவனுக்கு வேலை போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவான். கேமராவைப் பார்க்காமல் பேசுவான். "சாப்டியாடா?" "ம்." "தூங்கினியா?" "ம்." பெற்றவளுக்கு அந்த 'ம்' போல ஒரு தண்டனை கிடையாது. அவனைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று, கிணற்றடிச் சமாசாரத்தை எடுத்தேன். உள்ளது உள்ளபடி சொன்னால் இரண்டு வரி. நான் இரண்டு வரியில் நிறுத்துகிறவளா?

"கெணத்த மூடி மூணு மாடி பார்க்கிங்டா. துபாய்லேர்ந்து எஞ்சினியர் வந்து அளந்துட்டுப் போயாச்சு. ஸ்கூட்டர் லிஃப்ட்ல ஏறும். மூணாவது மாடி மாமிகளுக்கு மட்டும் ரிசர்வேஷன். ஸ்வாமிக்கு அபிஷேகத் தண்ணி இனிமே டேங்கர் லாரிலதான்!"

அவன் சிரித்தான். பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக நான் கோயிலையே விற்றிருப்பேன்.

மூன்றாம் நாள் தெரு வாட்ஸாப் குழுவில் அது வந்தது. கூட்டல் ஒன்று என்று தொடங்கும் நம்பர். தலைப்பு 'தெருவே விழித்தெழு'. கீழே ஒரு படம்: எங்கள் கிணறு இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம், லிஃப்டில் ஏறும் ஸ்கூட்டர்கள், வாசலில் டேங்கர் லாரி. படத்தைக் கம்ப்யூட்டர் வரைந்திருக்கிறது என்பது குழந்தைக்கும் தெரியும்; லாரிக்கு ஐந்து சக்கரம். ஆனால் நம்பர் வெளிநாட்டு நம்பர் ஆயிற்றே! மத்தியானத்துக்குள் தெரு கொதித்தது.

மறுநாள் உளுந்து வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். வழக்கமாக வாங்கும் மொத்தக்கடையில் மூட்டை கட்டுகிற திருநெல்வேலிக்காரர் என்னைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தார். "யக்கா, ஒங்க தெருக் கெணத்த அமெரிக்காக்காரன் வாங்கிட்டானாமே? அடியில என்னமோ தாது கெடக்காம்லா?"

உளுந்தை மறந்து திரும்பி வந்தேன். மகனைக் கூப்பிட்டேன். அவனுக்கும் முகம் செத்திருந்தது. "அம்மா, நான் எங்க குரூப்ல ஜோக்காத்தான் போட்டேன்" என்றான். எங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போன பிள்ளைகளுக்கு என்று ஒரு குழு இருக்கிறது. சிட்னிக்காரன் ஒருத்தன் படம் போட்டிருக்கிறான். நியூஜெர்சிக்காரி அதைத் தன்னிடம் வந்து தங்கியிருக்கும் மாமியாருக்கு அனுப்ப, அந்த அம்மாள் அங்கத்து நம்பரிலிருந்தே தெருக் குழுவில் போட்டுவிட்டிருக்கிறாள். வரிசையாகப் போட்டிருந்த சிரிப்புப் பொம்மைகள் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன. என் வாயிலிருந்து கிளம்பிய பொய் டொராண்டோ, சிட்னி, நியூஜெர்சி சுற்றிப் பெரிய மனுஷனாகத் தெருவுக்குத் திரும்பியிருந்தது.

அன்று சாயங்காலம் கோயில் பக்கத்து ஹாலில் கூட்டம். பாங்கில் வேலை பார்த்து ரிட்டயரான மாமா எழுந்தார். "இது சாதாரணக் கை இல்லையாக்கும். ஒரு வார்டு எலக்‌ஷன்ல அமெரிக்காக்காரனுக்கு என்ன வேலை? பின்னே, நம்ம கிட்ட என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்!" தெருவுக்கே நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது. வெளிநாட்டுக்காரன் தலையிடும் அளவுக்கு நாம் வளர்ந்துவிட்டோம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? சீனாவாகவும் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அது கொஞ்சம் குறைவாகப் பட்டதோ என்னவோ, யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு எல்லோரும் என் சிநேகிதியைப் பார்த்தார்கள். "இந்தக் கெணத்த மூடறேன்னு நீங்க சொன்னேளா, இல்லையா?"

இல்லை என்று சொல்லடீ என்று மனசுக்குள் கத்தினேன். ஊரில் எந்தத் தலைவர்தான் 'ஆமாம், சொன்னேன்' என்றிருக்கிறார்? இல்லை என்று அடித்துச் சொன்னால், எதிராளியின் சதி என்று தெருவே அவள் பின்னால் நின்றிருக்கும்.

அவள் எழுந்தாள். "சொன்னேன். வண்டிக் கண்ணாடி ஒடஞ்ச கோவத்துல சொன்னேன். பார்க்கிங், துபாய், லாரி ஒண்ணும் நான் சொன்னதில்லே. கெணத்த மூடறேன்னு சொன்னது நெஜம். தப்புதான்."

முன்வரிசை மாமி பக்கத்து மாமியிடம் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது: "சம்மதிச்சுட்டாளே! இவ்வளவு சம்மதிக்கறான்னா உள்ளே எவ்வளவு இருக்கும்!" பொய்யையே கேட்டுப் பழகின காதுக்கு உண்மை அத்தனை பெரிய குற்றமாகக் கேட்டது.

பாங்க் மாமா விடவில்லை. "இது எப்படி வெளிநாட்டுக்குப் போச்சு? சொன்னப்போ கூட ஆராக்கும் இருந்தா?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆரும் இல்லே. நான் மாத்திரந்தான் இருந்தேன்" என்றாள்.

அந்தத் தேர்தலில் அவள் சொன்ன ஒரே பொய் அது. எனக்காகச் சொன்னாள். நான் அந்த நிமிஷம் எழுந்திருக்க வேண்டும். நாந்தான் என்று ஒரு வார்த்தை. முப்பது வருஷம் மேலதிகாரிகளையே நையாண்டி பண்ணின வாய் அன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. தெருவுக்கு முன்னால் என் மானம் போகுமே என்று பயந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மகனை உலுக்கினேன். அவனே தெருக் குழுவில் எழுதினான்: அது நான் போட்ட விளையாட்டு, யாரும் நம்ப வேண்டாம். வெளிநாட்டு நம்பர்தானே, இதையும் நம்புவார்கள் என்று கணக்குப் போட்டேன். பத்து நிமிஷத்தில் பதில்கள் விழுந்தன. 'அவனை மிரட்டியிருக்கா.' 'வேலை போன பையன், எவ்வளவு குடுத்தாளோ.' பயங்காட்டும் செய்தி வந்தால் நம்புவோம். பயத்தைப் போக்கும் செய்தி வந்தால் சந்தேகப்படுவோம். எங்கள் தெருவை எனக்கே அன்றுதான் சரியாகத் தெரிந்தது.

மேசைவிசிறி தோற்றது. ஜெயித்தது, யாருக்கும் பிடிக்காமல் போயிருந்த அதே பழைய கவுன்சிலர். ஓட்டு எண்ணின அன்று அவர் தெருவுக்கு வந்து கிணற்றைத் தொட்டுக் கும்பிட்டு, "இதை எவன் தொடறான்னு நான் பாக்கறேன்" என்று மலையாளத்தில் முழங்கினார். கைதட்டினார்கள். அப்போது தூறிக்கொண்டிருந்தது. சாக்கடை விளிம்பு வரை வந்திருந்தது. அவர் அதைத் தாண்டிக் குதித்து ஜீப்பில் ஏறினார்.

நான் எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் பருப்பு டப்பாக்களை மேல் பலகைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். நானும் எடுத்துக் கொடுத்தேன். நாலாவது டப்பாவில் என்னால் முடியவில்லை.

"நாந்தான்டீ. பையன் சிரிக்கணும்னு சொன்னேன். துபாய், லாரி எல்லாம் நான் இட்டுக்கட்டினது."

"தெரியும். ஸ்கூட்டர லிஃப்ட்ல ஏத்தற புத்தி இந்த ஊர்ல வேற ஆருக்கு இருக்கு?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பின்னே ஏன் அன்னிக்கு என்னைக் காட்டிக் குடுக்கலே?"

"நீயே எழுந்து சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்றதுக்கு நேரம் குடுத்தேன்."

அவள் அடுத்த டப்பாவை என் கையிலிருந்து வாங்கினாள். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, முப்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்காத குரலில் கேட்டாள்:

"நீ எனக்குத்தானே ஓட்டுப் போட்டே?"

"சத்தியமா உனக்குத்தான்டீ போட்டேன்" என்றேன். அது உண்மை. இந்தக் கதையில் நான் சொன்ன எல்லாவற்றையும்விட உண்மை.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ம்" என்றாள். டப்பாவைப் பலகையில் வைத்தாள். நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.