தலைக்கட்டு இல்லாத வீடு

வரி குறைவு என்பதற்காகத்தான் நான் பழவேற்காட்டுப் பக்கம் குடிவந்தேன். பிறந்த மண் கூப்பிட்டது, ஏரிக்காற்று இழுத்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சென்னையின் வடகோடியில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. மாநகராட்சி சொத்து வரியை ஏற்றியது. குழாயில் எண்ணெய் வாடையோடு தண்ணீர் வரும். அதற்கும் தனியாக வரி. வீட்டுக்காரர் இறந்த பிறகு தையல் மெஷின்தான் பிழைப்பு. ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. அரையாண்டுக்கு ஒரு தரம் நகையை அடகு வைத்து வரி கட்ட எனக்கென்ன பைத்தியமா? வீட்டை விற்றேன். ஏரிக்கரைக் குப்பத்தில் நைனா என் பேரில் எழுதிவைத்த மனையில் இரண்டு அறை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊராட்சி அலுவலகத்தில் வீட்டு வரி எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார்கள். ஒரு மாதத்துக்கா என்றேன். வருஷத்துக்கு என்றார்கள். என் பேரிலேயே ரசீது போட்டார்கள். புருஷன் எங்கே, மகன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் கோழிக்கறி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆனால் எங்கள் குப்பத்தில் அரசாங்க ஊராட்சி தவிர, ஊரின் சொந்தப் பஞ்சாயத்து ஒன்றும் இருக்கிறது. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் அதில் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வாங்குவார்கள். கோயில் திருவிழா அந்தப் பணத்தில்தான். ஏரியில் யார் எந்த நாள் வலை போடுவது என்பதும் அந்தக் கணக்குதான். அது எனக்குத் தேவையில்லை, நான் வலை போடப் போவதில்லை. குடிதண்ணீரும் அதே கணக்கு என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது. நான் கல்யாணமாகிப் போன காலத்தில் கிணறு இருந்தது. இப்போது கிணறு முழுக்க உப்பு. லாரித் தண்ணீர்தான்.

லாரி வந்தால் தலைக்கட்டு வீட்டுக் குடங்கள் முதலில் நிறையும். மிச்சமிருந்தால் மற்றவர்களுக்கு. மற்றவர்கள் என்றால் புருஷன் செத்தவள், புருஷன் விட்டுப்போனவள். எங்களுக்கு வருவது டேங்கின் அடியில் தங்கிய துருத்தண்ணீர். பல நாள் அதுவும் கிடையாது. மிச்சம் பிடித்த வரிப் பணமெல்லாம் கேன் தண்ணீருக்கே போனது.

ஊர்ப் பஞ்சாயத்துக்கும் வரி கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டில் நண்டு விற்கும் அக்காவிடம் சொன்னேன். அவளும் புருஷன் இல்லாதவள்தான்.

"வரி கம்மினு ஓடியாந்தவ, இப்ப வரி வாங்கிக்கோனு அழுவப் போறியா? நல்லா கீதுடி உன் பொழப்பு" என்று சிரித்தாள்.

திருவிழா வரி வசூலிக்கக் கோயில் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பணத்தைப் பாயில் வைத்தேன். ஊர்த்தலைவர் எனக்கு அண்ணன் முறை.

"இன்னாம்மா இது?"

"வரிணா. என் வூட்டுக்கு."

"உனக்கு ஏதும்மா வரி? பொம்பளைங்க கிட்ட ஊரு வாங்காது. அது உங்களுக்குச் சலுகை."

"சலுகைய வச்சிகினு நான் இன்னாத்தக் குடிக்கறது?"

"உங்கண்ணன் தலைக்கட்டுல சேந்துக்கோ. அவன் குடத்தோட உன் குடத்தயும் வச்சிக்கோ."

என் சொந்த அண்ணன் அங்கேதான் இருந்தான். சரி என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

"அவன் பொண்டாட்டி என்னப் பாத்தாலே குடத்த ஒளிச்சி வெக்கிறா" என்றேன். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, கோயிலுக்குக் கொண்டாந்த காச திருப்பக் கூடாது. நன்கொடைனு வாங்கிக்கிறோம்."

"நன்கொடைனா வேணாம். வரினு வாங்கு."

"காசு காசுதான. எப்டிச் சொன்னா இன்னா?"

"அப்ப வரினே சொல்லு."

சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். வரி வாங்கினால் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். நன்கொடை கொடுத்தால் சால்வை போடுவார்கள், குடம் காலியாகவே இருக்கும். பணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. என் குடத்தை வரிசையின் நடுவில் வைத்தேன். எனக்குப் பின்னால் தலைவரின் பெண்டாட்டி. ஓஸ் பிடித்தவன் என்னிடம் வந்ததும் நிறுத்தினான்.

"யக்கா, தலைக்கட்டு முடியட்டும்."

"நானும் ஒரு வூடுதான். ஊத்து."

அவன் என் குடத்தைத் தாண்டி ஓஸைப் பின்குடத்தில் விட்டான். அந்தக் குடத்தின் வாயை நான் கையால் பொத்தினேன். தண்ணீர் பீய்ச்சி எல்லார் மேலும் அடித்தது. திட்டினார்கள். கையை எடுக்கவில்லை. பாதித் தண்ணீர் மண்ணில் போனது. எனக்குக் கிடைக்காத தண்ணீர் மண்ணுக்குப் போனால் எனக்கென்ன?

கடைசியில் தலைவரின் பெண்டாட்டிதான் கத்தினாள். "டேய், அவளுக்கு ஊத்தித் தொலடா. அடுப்புல உலை கொதிக்குது எனக்கு."

ஊற்றினான். சுத்தமான தண்ணீர். நண்டுக்கார அக்கா சத்தமில்லாமல் தன் குடத்தை என் குடத்தின் பக்கத்தில் தள்ளினாள். அவன் தலைவர் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அதற்கும் ஊற்றினான்.

சாயந்திரம் அண்ணன் வந்தான். "ஊர்க்காரங்க கோவமா கீறாங்கோ. போய் ஒரு மன்னிப்பு கேட்டுடு."

"வரிய வாங்கிகினு கோச்சிக்கச் சொல்லு" என்றேன். டீ குடிக்காமல் போய்விட்டான்.

இன்றுவரை என்னிடம் வரி வாங்கவில்லை. நானும் நன்கொடை கொடுக்கவில்லை. லாரி வந்தால் நானும் அக்காவும் குடத்தை நடுவில்தான் வைக்கிறோம். ஓஸ் பிடிப்பவன் முணுமுணுத்துக்கொண்டேதான் ஊற்றுகிறான். முணுமுணுக்கட்டும்.