வாட்ச் கட்டாத ஞாயிறு

எங்கள் ஓட்டக் குழுவில் இருபத்தேழு பேர். ஆகச் சின்னவருக்கு நாற்பத்து நான்கு வயது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘இளைஞர் அணி’. ஞாயிறு விடியலில் கோட்டூர்புரம் பாலத்தருகே கூடிக் கால்களை நீட்டி மடக்கும்போது எங்கள் முழங்கால்கள் போடும் சத்தத்தில் தெருநாய்களே எழுந்துவிடும்.

ஓடி முடித்துப் பெசன்ட் நகரில் இளநீர் குடிக்கும்போது ஒரே விவாதம்தான். இருபது வயதுப் பிள்ளைகள் ஏன் நெடுந்தூரம் ஓட வருவதில்லை? செல்போன் என்பார் ஒருவர். பரோட்டா என்பார் இன்னொருவர். “சோம்பேறித்தனம், வேறென்ன?” என்று தீர்ப்பு சொல்வது நான். ஊருக்குத்தான் உபதேசம். என் இருபத்திரண்டு வயது மகள் அந்நேரம் வீட்டில் போர்வைக்குள் கிடப்பாள்.

நான்கு வருடங்களுக்கு முன்பு என்னோடு ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வந்தாள். அதன்பிறகு ஷூவைத் தொடவில்லை. ஏன் என்று நான் கேட்டதே இல்லை. எனக்கு ஐம்பத்தொன்று. “இன்னும் ரெண்டு வருஷம் ஓடுங்க, அப்புறம் பார்க்கலாம்” என்று முழங்கால் டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் இன்னொரு முறையாவது அவளோடு ஓடிவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை.

ஒரு சனிக்கிழமை மாலை தோசை வார்த்துக்கொண்டே, “நாளைக்கு ஓட வாடி, சோம்பேறி” என்றேன்.

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். “நான் சோம்பேறியா? அன்னிக்கு ஓடி முடிச்சதும் நீ என்ன பண்ணே? என் டைமிங்கை ஃபேமிலி குரூப்ல போட்டே. ‘நடந்தே வந்திருந்தா சீக்கிரம் வந்திருப்பா’ன்னு பெரியப்பா எழுதினாரு. நீ அதுக்குச் சிரிக்கிற எமோஜி போட்டே. இப்பவும் எந்தக் கல்யாணத்துல பார்த்தாலும் அவரு அதையேதான் கேக்கறாரு. எனக்கு ஓடப் பிடிக்கும்மா. மார்க் ஷீட் வாங்கத்தான் பிடிக்கல.”

தோசை கருகியது. முதலில் பெரியப்பாமேல் கோபம் வந்தது, பிறகு என்மேல். அவளுடைய ப்ளஸ் டூ மார்க் வந்த அன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிய அதே கைதானே இதையும் அனுப்பியிருக்கிறது!

“வாட்ச் இல்ல, போன் இல்ல, போட்டோ இல்ல. வரியா?” என்றேன்.

“நீயா? வாட்ச் இல்லாமயா?” என்று சிரித்தாள். ஆனால் மறுநாள் காலை எனக்கு முன்பே ஷூ மாட்டிக்கொண்டு நின்றாள்.

வாட்சை ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிட்டு அபிராமபுரத்திலிருந்து கிளம்பினோம். கிரீன்வேஸ் சாலை முடிவதற்குள் வெறும் மணிக்கட்டை மூன்று தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் கண்டுபிடித்துவிட்டாள். “அம்மா!”

அடையாறு பாலத்தில் என்னை முந்தினாள். என் மகள் என்னை முந்துகிறாள்! கத்த வேண்டும் போலிருந்தது, மூச்சுதான் இல்லை. அவளோ திரும்பிப் பார்த்துக் கைதட்டி, “வா, வா” என்று கூப்பிடுகிறாள்.

எதிரே எங்கள் குழுவின் கேப்டன் வந்தார். “அடடே, இளைய தலைமுறை! ஒரே ஒரு போட்டோ மேடம், குரூப்ல போட்டுடறேன்” என்று போனைத் தூக்கினார். அவள் முகம் சுருங்கியது. நான் பாய்ந்துபோய் போனைக் கையால் மூடினேன். “போட்டீங்கன்னா நடக்கறதே வேற சார்!” மனிதர் மிரண்டு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பாவம், நல்ல மனிதர். அடுத்த சிக்னல்வரை அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

பெசன்ட் நகரில் இளநீர்க்காரர் எங்களைப் பார்த்ததும் காயைக் கையில் எடுத்தார். வாரம் தவறாமல் என் நேரத்தைக் கேட்டுவிட்டுத்தான் சீவுவார். “இன்னாக்கா, இன்னிக்கு எம்மா நேரம்?”

மகள் என்னையே பார்த்தாள்.

“தெரியலப்பா.”

“இன்னாது, தெரியலயா?” என்று அவர் என் கையைப் பார்த்தார். மகள் தன் இளநீரின் வழுக்கையில் பாதியை வழித்து எனக்குக் கொடுத்தாள்.

குடித்து முடித்ததும் நான் பழக்கதோஷத்தில் ஆட்டோவுக்குக் கைகாட்டினேன். அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“ஓடியே போலாம், வா” என்றாள். “சோம்பேறி.”