தாம்பூலம் வைத்துத் தூர்வாரிய வாய்க்கால்

எடுக்க எடுக்கப் பெருகும், போடப் போடக் குறையும், அது என்ன? விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடுவது சிறுவர் பக்கம் நடத்துகிற எங்கள் தொழில் வழக்கம். இங்கே கொஞ்சம் பொறுங்கள். பொதுக் காரியத்துக்கு ஆள் கூப்பிட்டு, வெறும் வீதியில் மண்வெட்டியோடு தனியாக நின்றவர்களுக்கு விடை சீக்கிரம் பிடிபடும்.

நோட்டீஸ்

செஞ்சியில் எங்கள் தெருவின் பின்னால் ஒரு வாய்க்கால். மலைப்பாறையில் விழும் மழையைக் குளத்துக்குக் கொண்டுபோக வேண்டியது. மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்ததால், போன மழை குளத்தை விட்டுவிட்டு வாய்க்காலை ஒட்டியிருக்கும் பாத்திமா வீட்டு அடுப்படிக்குள் போனது. கோடையில் அதே வீட்டு போர்வெல்லில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடுத்த மழைக்குள் தூர்வாரியாக வேண்டும்.

'பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்வோம், ஞாயிறு காலை வாரீர்' என்று நோட்டீஸ் ஒட்டினேன். பாத்திமாவும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஷமீமாவும் மட்டும் வந்தார்கள். டீக்கடை குப்புசாமி நோட்டீசை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுச் சொன்னார்: "உலகமே சூடாவுதுன்றீங்க. அதுக்கு நம்ம தெரு இன்னா சார் பண்ணும்? உக்காருங்க, டீ ஆறுது."

தட்டு

"நோட்டீஸ் செவுத்துக்கு ஒட்டுனது சார். மனுசாளுக்கு வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புடணும்" என்றார் பாத்திமா. தட்டை ஷமீமா ஏந்த, மூவரும் வீடு வீடாகப் போனோம். உலகத்தைப் பற்றிப் பேசவில்லை. "உங்க வீட்டுக்கு நேரா இருக்கற வாய்க்கா துண்டு உங்களுது. நீங்க வந்தாத்தான் முடியும்" என்று மட்டும் சொன்னோம்.

குப்புசாமி வெற்றிலையை எடுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்: "தட்டோட வந்துட்டீங்க. இனிமே வர்லன்னா மரியாதையா இருக்குமா?"

பட்டு

மறு ஞாயிறு தெருவே திரண்டுவிட்டது. மண்வெட்டி கொண்டுவாருங்கள் என்று சொல்ல மறந்திருந்தேன். தாம்பூலம் வாங்கியவர்கள் தாம்பூலத்துக்கு உரிய உடையில் வந்து நின்றார்கள். பாதிப் பேர் பட்டு, மீதிப் பேர் சலவை வேட்டி. ஒரே சிரிப்பு. வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு, மண்வெட்டியோடும் மச்சான் மைத்துனரோடும் திரும்பினார்கள்.

குப்புசாமியின் மனைவி வள்ளி மட்டும் பட்டை மாற்றவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். "கட்டுனது கட்டியாச்சி. கல்யாணத்துல மட்டும் இதுமேல சாம்பார் கொட்டலியா?"

மழை

அந்த வாரமே மழை பிடித்தது. தெரு முழுக்கக் குடையோடு கரையில் நின்றது. தண்ணீர் பாத்திமா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே குளத்துக்கு ஓடியது. "என் துண்டுல பாரு, எம்மாம் வேகம்!" என்று ஆளுக்கு ஆள் பீற்றிக்கொண்டார்கள். பாத்திமா காய்ந்த அடுப்படியை இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

குப்புசாமி என் தோளைத் தட்டினார்: "அடுத்த வாய்க்கால் எது சார்?"

விடை, பள்ளம். அதை முதலில் சொன்னவள் ஷமீமா. சிறுவர் பக்கத்தின் பரிசாக அவளிடம் கதைப் புத்தகத்தையும் வண்ணப் பெட்டியையும் நீட்டி, பிடித்ததை எடுத்துக்கொள் என்றேன். ஷமீமா தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள்.