மண்ணெண்ணெய் மணந்த வைன்

சிசிலியின் பலேர்மோவுக்குத் திரும்பி வந்து ஐந்து மாதமாகியும் தர்மிளாவின் பயணப்பை அலுமாரிக்கு மேலே ஏறவில்லை. கட்டிலுக்குக் கீழே வாய் திறந்தபடி கிடந்தது. தாய் பவளராணி வீடு கூட்டும்போதெல்லாம் அதைத் தும்புத்தடியால் இடித்துவிட்டு, "இது இன்னும் ஆரைப் பாத்துக்கொண்டு கிடக்குது?" என்று கேட்பாள்.

தர்மிளாவிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆஸ்திரேலியாவில், கிளேர் பள்ளத்தாக்கில், அவள் வேலை செய்த திராட்சைத் தோட்டத்துத் தம்பதி மாசி அறுவடைக்கு மறுபடி வரச்சொல்லிக் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள் பிடிப்பார்கள். தகப்பன் விக்னராஜா அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துபோனார். கூடப்பிறந்தவர்கள் இல்லை. தாயைத் தனியே விட்டு ஒருமுறை போய்வந்தாயிற்று. இரண்டாம் முறை எந்த முகத்தோடு கேட்பது?

இப்போது அவள் பலேர்மோவின் கால்சாப் பகுதியில், செலஸ்ரீனா என்ற இத்தாலியப் பெண்ணின் வைன் கடையில் வேலைக்கு நிற்கிறாள். சிஞ்ஞோரா செலஸ்ரீனாவுக்குச் சிசிலி வைனைத் தவிர மற்றதெல்லாம் சந்தேகம்தான். ஆனாலும் மொண்டெல்லோக் கடற்கரை உணவகங்கள் கேட்கத் தொடங்கியதால் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு தட்டு ஒதுக்கியிருந்தாள். யாருடைய வைனை எடுப்பது என்று பார்க்க, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இருவரும் போத்தல்களைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள்.

முதலாவது, கிளேருக்கு அயலிலுள்ள பறோசாவின் பெரிய கம்பனி ஒன்று. அங்கே இயந்திரம்தான் பழம் பிடுங்கும். தொட்டிகள் மாடிவீட்டு உயரம். பிஸ்கற் பைக்கற்றைப் போல எந்த வருடத்துப் போத்தலைத் திறந்தாலும் ஒரே ருசி. தர்மிளா அதை இளக்காரமாகச் சொல்லவில்லை. அத்தனை போத்தலில் ஒன்றும் பழுதாகாமல் பார்ப்பது சும்மா வேலையில்லை என்று, கிளேருக்குப் போகுமுன் அங்கே தொட்டி கழுவிய அவள் கைக்குத் தெரியும்.

அடுத்தது, அதே பறோசாவில் ஒரு குடும்பம். பூட்டன் நட்ட ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சைக் கொடிகள் முறுகிக் கறுத்து நிற்கும், காய்ப்பதோ கொஞ்சம். அமெரிக்க ஓக் பீப்பாயில் கிடந்து வருவதால் முகர்ந்தவுடன் தேங்காய்ப்பூவும் வனிலாவும் வரும். நாக்கில் மிளகு. சிஞ்ஞோரா கேட்காமலே இன்னொரு தரம் ஊற்றிக்கொண்டாள்.

பிறகு அடிலெய்ட் மலைப்பக்கத்துத் தாடிக்காரன் ஒருவனுடையது. எதையும் சேர்க்காமல், வடிக்காமல், கலங்கலாகவே அடைத்து விடுகிறவன். நல்ல போத்தல் வாய்த்தால் தோடம்பழத் தோலும் தேனுமாக உயிரோடு இருக்கும். அன்று வாய்க்கவில்லை, வினாகிரியாய்ப் புளித்தது.

"சலாட்டுக்கு ஊற்றலாம்" என்றாள் சிஞ்ஞோரா.

கடைசியாகத்தான் கிளேர். அந்தத் தம்பதி ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனை மட்டும் செய்கிறார்கள். பீப்பாய் இல்லை, இனிப்பு இல்லை. விடியற்குளிரில் கையால் வெட்டிய பழம். புதிதில் தேசிக்காய்த் தோலைக் கீறியதுபோல் மணக்கும். அந்த நினைவில் தர்மிளா இங்கே தமிழ்க்கடையில் தேசிக்காய் வாங்கி நகத்தால் கீறிப் பார்த்திருக்கிறாள். மணம் கிட்டத்தட்ட வந்தது. அந்த விடியற்குளிர் வரவில்லை.

அன்று திறந்தது புதியதல்ல. எத்தனை காலம் தாங்கும் என்று காட்டுவதற்காக, புறப்படும்போது அவர்கள் கொடுத்த பத்து வருடப் பழைய போத்தலைத் திறந்தாள்.

சிஞ்ஞோரா மூக்கை வைத்தாள். "மடோன்னா! இது வெஸ்பா ஸ்கூட்டர் மணம்!"

"பழைய ரீஸ்லிங் அப்படித்தான் மணக்கும், சிஞ்ஞோரா. அதுதான் அதன் பெருமை."

"எனக்குத் தெரியும் மகளே. மொண்டெல்லோவில் மீன் தின்ன வருகிறவனுக்கு அதைச் சொல்லு பார்ப்போம். போத்தலை என் தலையில் உடைப்பான்."

கம்பனியும் குடும்பமும் தட்டில் ஏறின. கிளேர் ஏறவில்லை. மிச்சத்தைத் திருகுமூடியால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தாள் தர்மிளா. குசினி மேசையில் ஒரு வாய் ஊற்றினாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்குக் கொளுத்தின வீட்டிலை..." என்று தொடங்கிய பவளராணி நடுவில் நின்றாள். அடுப்பைச் சட்டென்று நூர்த்தாள். குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தாள். "ஆர் மண்ணெண்ணெய் ஊத்தினது?"

"அம்மா, இது வைன்."

"விசர்க்கதை கதையாதை. எனக்கு மண்ணெண்ணெய் தெரியாதே?"

தர்மிளா கிளாசை நீட்டினாள். "குடிக்க வேண்டாம். மணந்து பாருங்கோ."

பவளராணி ஒருமுறை மணந்தாள். பிறகு முகத்தை எடுக்கவே இல்லை.

"கொப்பற்றை மோட்டச்சைக்கிள்" என்றாள்.

போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம் அது. காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, மிச்சத் தூரமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். கலியாணத்துக்கு முன் விக்னராஜா அப்படித்தான் அவளைப் பார்க்க வந்தார்.

"ஒழுங்கை முழுக்கப் புகை. களவாய்க் கதைக்க வாற ஆள் வாற வடிவே அது?" பவளராணி சிரித்தாள். "அவர் போடுற சேட்டை எத்தினை தரம் தோய்ச்சாலும் அந்த மணம் போகாது. இஞ்சை வந்தாப்பிறகு போட்டுது. அவர் செத்த கிழமை எல்லாச் சேட்டையும் மணந்து பாத்தனான் பிள்ளை. சவர்க்காரம்தான் மணந்தது."

பவளராணி கிளாசை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள்.

"இதைச் செய்யிறவை இன்னும் இருக்கினமோ?"

"ஓம். மாசியிலை என்னை வரச்சொல்லிக் கேட்டிருக்கினம்."

சொல்லிவிட்டாள். பவளராணி கிளாசை மெல்ல மேசையில் வைத்தாள்.

"அதுதான் பை இன்னும் கீழை கிடக்குதோ?"

"ஓம்."

"போனால் இதிலை ஒரு போத்தல் கொண்டு வருவியோ?"

"இப்ப செய்யிறது இப்பிடி மணக்காது அம்மா. தேசிக்காய்தான் மணக்கும். பத்து வருசம் கிடக்கோணும்."

"பத்து வருசம்" என்று பவளராணி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "அப்ப ரண்டாக் கொண்டு வா. ஒண்டு உனக்கு. மற்றதை நான் வைச்சிருக்கிறன்."

அவள் போத்தலை இறுக்கித் திருகி, தயிருக்குப் பக்கத்தில், குளிர்சாதனப்பெட்டிக்குள் வைத்தாள். வெள்ளிக்கிழமை என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

தர்மிளா தொலைபேசியை எடுத்துக் கிளேர் தம்பதிக்கு வருவதாக எழுதினாள். திறந்த போத்தலில் அந்த மணம் இரண்டொரு நாளுக்கு மேல் நிற்காது என்பதைத் தாயிடம் சொல்லவில்லை.